வேலிக்கு வெளியே இருப்பவர்கள்: கட்டுமான நிறுவனம் சுற்றுவட்டாரத்துக்குத் துணை நிற்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் ப்ராஜெக்ட் இன்ஜினியராக இருந்த ஒரு சைட்டில், கட்டடம் முழுவதுக்கும் அடியில் ஒரே பலகையாக வரும் ராஃப்ட் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்த ராத்திரி அது. மணி இரண்டு இருக்கும். ஒரு பக்கம் பம்ப், ஒரு பக்கம் வைப்ரேட்டர், ரோட்டில் வரிசையாக மிக்சர் லாரிகள். எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டுக்கு வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. "தம்பி, இது எத்தனை மணிக்கு முடியும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். விடிந்துவிடும் என்றேன். அவருடைய மனைவி அறுவை சிகிச்சை முடிந்து அன்று சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மக வீட்டுல விட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ராஃப்ட் கான்கிரீட்டை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் இறுகிப்போனதும் புதிதாக ஊற்றுவதும் ஒட்டாமல் 'கோல்டு ஜாயிண்ட்' விழும். அது எனக்குத் தெரியும். ஆனால் வேலை இரவு முழுக்க ஓடப்போகிறது என்பதும் எனக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். அதே தெருவில் எங்கள் நிறுவனம் இரண்டு மாதம் முன்னால் பேனர் கட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை கொடுத்து, படமும் எடுத்திருந்தது. பையைப் பற்றி அப்புறம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்த ராத்திரியைப் பற்றி நாங்கள் சைட்டைக் காலி செய்யும் வரை பேசினார்கள்.

இந்த வழிகாட்டியின் வரிசை அங்கிருந்து வந்ததுதான். முதலில் தொந்தரவைக் குறைப்பது, அடுத்து நம் கையில் ஏற்கெனவே இருப்பதைக் கொடுப்பது, பணம் கடைசியில். பல நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. காசோலையில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கின்றன.

படி 1: வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு நடந்து பாருங்கள்

டெண்டர் கைக்கு வந்ததும் மண் பரிசோதனைக்கு ஆள் அனுப்புகிறோம். மண்ணுக்கு மேலே குடியிருப்பவர்களைப் பார்க்க யாரும் போவதில்லை. சைட்டைச் சுற்றி மூன்று தடவை நடங்கள்: பள்ளி திறக்கும் நேரத்தில் ஒரு தடவை, நடுப்பகலில் ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை. விளம்பரப் பிரிவு ஆளை அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. சைட் இன்ஜினியரே போக வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டில் வந்து நின்றால் பதில் சொல்லப்போவது அவர்தானே.

எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், யார் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறார், எந்தக் கிணற்றில் இன்னும் தண்ணீர் எடுக்கிறார்கள், உங்கள் தகரத் தடுப்பு எழுந்தால் எந்தக் கடையின் முகப்பு மறையும், சக்கர நாற்காலியில் போகிறவர் எந்த நடைபாதையை நம்பியிருக்கிறார். இதெல்லாம் எந்த டிராயிங்கிலும் இருக்காது. ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மக்களை நான் நான்கு வட்டமாகப் பிரித்துக்கொள்வேன். சுவரை ஒட்டியிருப்பவர்கள் முதல் வட்டம், சத்தம் எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் இரண்டாவது. லாரி போகும் வழியில் இருப்பவர்கள் மூன்றாவது. சைட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருப்பார்கள் என்பதால் இவர்களை எளிதாக மறந்துவிடுகிறோம். நான்காவது வட்டம் உங்கள் தொழிலாளர் குடியிருப்பு. வேலை நடக்கும் இரண்டு வருடமும் அவர்களுக்கும் அதுதான் ஊர். அங்கே கழிப்பறை போதாமல் போனால் அது முதலில் அவர்கள் பிரச்சினை, மறுநாளே பக்கத்துத் தெருவின் பிரச்சினை.

கூட்டம் போடுவது நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவரையே ஊர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு வந்து உட்கார நேரம் இருக்கும். வாடகைக்கு இருப்பவருக்கும் நடைபாதையில் கடை போட்டிருப்பவருக்கும் இருக்காது. அவர்களை அவர்கள் இடத்திலேயே போய்ப் பாருங்கள்.

படி 2: விரிசல் கணக்கை வேலைக்கு முன்பே எழுதுங்கள்

அக்கம்பக்கத்தோடு வரும் பெரிய சண்டைகள் பெரும்பாலும் விரிசலில்தான் ஆரம்பிக்கும். விரிசல் இல்லாத வீடே கிடையாது. ஜன்னல் மூலையில் சாய்வாக ஒன்று, பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக ஒன்று, பூச்சு காய்ந்து சுருங்கியதில் சிலந்தி வலை மாதிரி சில. பல வருடமாக அங்கேயே இருந்தாலும் வீட்டுக்காரர் கண்ணில் பட்டிருக்காது. அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் உங்கள் பைலிங் ரிக் முதல் அடி அடித்து, அலமாரியில் பாத்திரம் கலகலத்த அன்றைக்குத்தான் அவர் டார்ச் எடுத்துச் சுவரைப் பார்ப்பார். பார்த்த விரிசல் எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது அன்றைக்குத்தான் வந்தது.

மனிதர் பயப்படும் அளவுக்கும் கட்டடம் கெடும் அளவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. தரையின் அதிர்வை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வேகக் கணக்கில் அளப்பார்கள். பிரிட்டனின் பிஎஸ் 5228 வழிகாட்டுதலின்படி, வீட்டுக்குள் இருப்பவர் 0.3 மி.மீ. அளவிலேயே அதிர்வை லேசாக உணரக்கூடும். ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரநிலையோ, சாதாரணக் குடியிருப்புக்கு, குறைந்த அதிர்வெண்ணில், அஸ்திவார மட்டத்தில் 5 மி.மீ. வரை அனுமதிக்கிறது. கட்டடத்துக்கு ஆபத்து வருவதற்கு வெகு முன்பே மனிதருக்கு அடிவயிறு கலங்கிவிடும். அந்த பிஎஸ் 5228-லேயே எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: வீடுகளில் 1 மி.மீ. அளவு அதிர்வு வந்தால் புகார் வரும், ஆனால் முன்கூட்டியே சொல்லி விளக்கியிருந்தால் பொறுத்துக்கொள்வார்கள் என்பது அதன் பொருள். எண்களும் அட்டவணைகளும் நிறைந்த ஒரு ஆவணம், 'சொல்லிவிட்டுச் செய்' என்கிறது.

சரி, பதிவு எப்படிச் செய்வது? வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். ஒவ்வொரு விரிசல் பக்கத்திலும் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். ஸ்கேல் இல்லாத படம் பின்னால் எதையும் நிரூபிக்காது. விரிசல் முடியும் இரண்டு நுனியிலும் பென்சிலால் சிறு கோடு இழுத்துத் தேதி எழுதுங்கள். பிறகு அது நீண்டால் கோட்டைத் தாண்டியிருக்கும், யாரும் வாதாட வேண்டாம். சந்தேகமான விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிடுவது பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அளவு குறித்த பிளாஸ்டிக் அளவிகளும் கிடைக்கின்றன. முடித்ததும் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். இந்தப் பிரதியைக் கொடுக்கத்தான் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. அவர் கையில் பிரதி இல்லையென்றால் அந்தப் பதிவு உங்களைக் காப்பாற்ற மட்டும் எடுத்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வேலையால் உண்மையிலேயே விரிசல் வந்தால், அதை மூடிக் கொடுங்கள், அந்தச் சுவர் முழுவதுக்கும் பெயிண்ட் அடியுங்கள். விரிசல் போன வழியில் மட்டும் ஒட்டுப் போட்ட மாதிரி அடித்துவிட்டு வந்தால், அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தச் சுவர் உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

படி 3: ஒரு பெயர், ஒரு எண், ஒரு நோட்டு

கேட்டில் தகவல் பலகை வையுங்கள். என்ன வேலை, எப்போது முடியும், யாரைக் கேட்கலாம், எந்த எண். அந்த எண் ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கப்பட வேண்டும். எடுக்கிறவருக்கு ஒரு மெஷினையாவது நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். அதிகாரம் இல்லாதவர் எடுத்து "சொல்லிவிடுகிறேன் சார்" என்று வைத்துவிடுவதைவிட, அடித்துக்கொண்டே இருப்பது மேல்.

வந்த புகாரை நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், என்ன, யார் போய்ப் பார்த்தார், எப்போது தீர்ந்தது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி-யின் செயல்திறன் தரநிலைகள், பாதிக்கப்படும் மக்களுக்குக் குறைதீர்ப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கடன் வாங்கும் நிறுவனங்களிடம் கேட்கின்றன. பிரிட்டனில் 1997-இல் தொடங்கிய 'கன்சிடரேட் கன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கீம்', அக்கம்பக்கத்தை மதித்து நடப்பதற்குச் சைட்டுகளை நேரில் போய் மதிப்பிடுகிறது. நமக்கு யாரும் வந்து மதிப்பெண் போடாவிட்டாலும் ஒரு நோட்டு போதும். புகாரே வராத சைட் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். யாரிடம் சொல்வது என்று அங்கே ஜனங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

பெரிய வேலைகளுக்கு முன்னால் துண்டுச்சீட்டு கொடுங்கள். குறைந்தது மூன்று நாள் முன்பு, இப்படி:

"வரும் வியாழன் காலை 6 மணி முதல் வெள்ளி காலை 5 மணி வரை தொடர்ந்து கான்கிரீட் போடுகிறோம். இது நடுவில் நிறுத்த முடியாத வேலை. பம்ப் சத்தமும் லாரி நடமாட்டமும் இரவு முழுக்க இருக்கும். வீட்டில் உடம்புக்கு முடியாதவர், கைக்குழந்தை, தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் கீழே உள்ள எண்ணில் சொல்லுங்கள். எங்களால் முடிந்த ஏற்பாட்டைச் செய்கிறோம்."

'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்ற வரியை நான் சேர்ப்பதில்லை. அதற்குப் பதில் கடைசி வாக்கியத்தை நிஜமாக்குங்கள். அன்றைய ஒரு இரவுக்கு நோயாளிக்கு வெளியே ஓர் அறை எடுத்துக் கொடுப்பது, கான்கிரீட் பம்ப் வாடகையோடு பார்த்தால் செலவே இல்லை.

படி 4: தூசி, சத்தம், தண்ணீர், லாரி

ஊருக்கு நீங்கள் செய்யும் உதவியில் பெரிய பங்கு இங்கேதான் இருக்கிறது, படம் எடுத்துப் போட முடியாவிட்டாலும்.

தூசியில் கண்ணுக்குத் தெரிவது பாதி ஆபத்து கூட இல்லை. கொடியில் காயும் துணியில் படிவதைத் துவைத்துவிடலாம். கான்கிரீட், கல், டைல் அறுக்கும்போது பறக்கும் படிக சிலிக்காவின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கிவிடும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் அதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. அறுக்கும் பிளேடின் மேலேயே தண்ணீர் விழும்படி செய்தால் தூசி பிறக்கும் இடத்திலேயே அடங்கும். இது முதலில் உங்கள் கட்டர் ஆப்பரேட்டரையும் அப்புறம் பக்கத்து வீட்டையும் காப்பாற்றும்.

ரோட்டுத் தூசிக்கு எல்லாரும் லாரியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். கைக்கு மீறித் தெளித்தால் சேறாகி, டயரில் ஒட்டி, வெளியே போய்க் காய்ந்து, இன்னும் அதிகமாகப் பறக்கும். சக்கரம் கழுவும் தொட்டியைக் கேட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால், டயரில் இருந்து சொட்டும் தண்ணீர் ரோட்டுக்கு வருவதற்குள் சைட்டுக்குள்ளேயே வடிந்துவிடும். டிப்பருக்குத் தார்ப்பாய் கட்டுவது எழுதித் தெரிய வேண்டியது இல்லை. கட்டாத லாரியை வெளியே விடாத செக்யூரிட்டிதான் தேவை.

சத்தத்தில் காசில்லாத வைத்தியங்கள் நிறைய. திறந்தவெளியில், ஒரே இடத்தில் இருந்து வரும் சத்தம், தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஜெனரேட்டரைப் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்து 5 மீட்டரில் வைப்பதற்குப் பதில் 20 மீட்டரில் வைத்தால், கணக்குப்படி 12 டெசிபல் மிச்சம். கேபிள் கொஞ்சம் நீளம் போகும், அவ்வளவுதான். தடுப்புச் சுவர் வைத்தால், சத்தம் போடும் மெஷின் பக்கத்து வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியக் கூடாது. கீழே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தால் வைத்ததற்கே அர்த்தம் இல்லை. ரிவர்ஸில் வரும் வண்டியின் 'பீப் பீப்' அலாரம் தெருக்கோடி வரை குத்தும். இப்போது 'ஷ்ஷ் ஷ்ஷ்' என்று இரையும் அலாரங்கள் வந்திருக்கின்றன. வண்டிக்கு நேர் பின்னால் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், தூரத்தில் கரைந்துவிடும். இடம் இருந்தால் லாரி ஒரு வழியாக வந்து மறு வழியாகப் போகும்படி பாதை போடுங்கள், ரிவர்ஸ் எடுக்கிற வேலையே இருக்காது.

பல சைட்டுகளில் மிகப் பெரிய சத்தம் மெஷினுடையதே அல்ல. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் ஷீட்டையும் அதற்கு முட்டுக் கொடுக்கும் ஜாக்கியையும் மூன்றாவது மாடியில் இருந்து கீழே போடுகிறார்களே, அதுதான். இறக்குவதற்குக் கயிறும், கீழே இரண்டு ஆளும், மேஸ்திரியிடம் ஒரு கண்டிப்பான வார்த்தையும் போதும்.

தண்ணீர் விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேஸ்மெண்ட் தோண்டும்போது நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருப்போம். அதனால் பக்கத்துக் கிணற்றிலும் போர்வெல்லிலும் மட்டம் இறங்கலாம். களிமண் பூமியாக இருந்தால் நிலமே கொஞ்சம் அமுங்கும். இறைக்க ஆரம்பிக்கும் முன் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள், வாரம் ஒரு முறை திரும்ப அளங்கள். வற்றினால், மட்டம் திரும்பும் வரை அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பது உங்கள் கடமை. அதை உதவி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மிக்சர் லாரி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடவே கூடாது. அதன் பிஎச் 12-ஐ ஒட்டி இருக்கும், அதாவது கடுமையான காரம். அது போய்ச் சேரும் நீர்நிலையில் மீன் மிஞ்சாது. தனிக் குழி வெட்டித் தேக்கி, தெளியவைத்து, மறுபடி பயன்படுத்துங்கள்.

லாரிக்கு இரண்டு விதி. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்த வழியில் வண்டி ஓடக் கூடாது. காத்திருக்கும் லாரிகள் தெருவில் இன்ஜினை உறுமவிட்டு நிற்கக் கூடாது. தூரத்தில் ஓர் இடம் பிடித்து அங்கே நிறுத்தி, போன் போட்டு ஒவ்வொன்றாக அழையுங்கள்.

இதோடு ஒன்று செய்து பாருங்கள். ஒரு டிப்பரைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் ஏற்றி, அவர்களின் நண்பர்களில் நான்கு பேரை வண்டியின் மூக்குக்கு நேர் கீழே நிற்கச் சொல்லுங்கள். "யாரெல்லாம் தெரிகிறார்கள்?" என்று கேளுங்கள். ஒருவரும் தெரிய மாட்டார்கள். மேலே இருக்கும் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எத்தனை சாலைப் பாதுகாப்புச் சொற்பொழிவு நடத்தினாலும் அந்த ஒரு நிமிடம் கிடைக்காது. உங்கள் டிரைவரையும் கூட நிற்க வையுங்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் தெரிந்த டிரைவர் அந்தத் தெருவில் வேகம் போக மாட்டார்.

படி 5: உள்ளூர் ஆளுக்கு வேலை, அதுவும் நல்ல வேலை

'உள்ளூர்க்காரர்களுக்கு வேலைவாய்ப்பு' என்று எல்லா நிறுவனமும் சொல்லும். கடைசியில் பார்த்தால் வாட்ச்மேன், கூட்டிப் பெருக்குபவர், சித்தாள். உண்மையாகச் செய்ய வேண்டுமென்றால் முதலில் கணக்குப் போடுங்கள்: எந்த மாதம், எந்தக் கட்டத்தில், என்ன தொழிலுக்கு எத்தனை பேர் வேண்டும். தோண்டும்போது ஆள் குறைவு, மெஷின் அதிகம். ஸ்லாப் ஏறும்போது கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் ஆளும் வேண்டும். பெயிண்டிங், டைல்ஸ், எலெக்ட்ரிக்கல் என்று பிற்பகுதியில்தான் கூட்டம் சேரும். இந்தக் கணக்கை ஊரில் அப்படியே சொல்லிவிடுங்கள். முதல் மாதமே நூறு பேர் வரிசையில் நின்று ஏமாந்து போவதைவிட, "எட்டாவது மாதம் வாருங்கள், அதற்குள் பழக்கித் தருகிறோம்" என்பது நேர்மை.

பழக்குவதை ஆள் தேவைப்படும் நாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். ஸ்லாப் வேலை சூடு பிடித்த பிறகு யாருக்கும் கற்றுக்கொடுக்க நேரம் இருக்காது. பயிற்சி முடிந்ததும் கொடுக்கும் சான்றிதழ் உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும் காகிதமாக இருக்கக் கூடாது. உங்கள் சைட் முடிந்த பிறகும் அவர் பிழைக்க வேண்டுமே.

2001-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பெரிய விளையாட்டு, கேளிக்கை வளாகம் வந்தபோது, சுற்றுவட்டார அமைப்புகள் ஒன்றுசேர்ந்து கட்டுநரோடு நேரடி ஒப்பந்தம் போட்டன. வேலை காலியிடங்களை முதலில் அந்தப் பகுதி மக்களுக்குத் தெரிவிப்பது, அங்கே உருவாகும் வேலைகளில் 70 சதவீதம் வாழ்வதற்குப் போதுமான ஊதியம் தருவதாக இருக்க முயல்வது, வாங்கக்கூடிய விலையில் வீடுகள் கட்டுவது என்று எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தார்கள். 'சமூக நல ஒப்பந்தம்' என்று இன்று பல இடங்களில் பேசப்படும் முறைக்கு அது முன்மாதிரியானது. உங்கள் திட்டம் அவ்வளவு பெரிதாக இல்லாமல் இருக்கலாம். ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், மேடையில் சொன்ன வாக்குக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருபது வருடமாகக் கலவை சுமந்தும் கொத்துக் கரண்டி கைக்கு வராத சித்தாள்களை நான் பார்த்திருக்கிறேன். கலவைப் பதம், சுவர் நேர் செங்குத்தாக நிற்கிறதா என்பது, எல்லாம் அவர்களுக்குக் கொத்தனாருக்கு இணையாகத் தெரியும். கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் உள்ளே தாழ்ப்பாள் போட்ட தனிக் கழிப்பறையும், குழந்தையை விட்டுவிட்டு வேலை பார்க்க ஒரு காப்பகமும் வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டு கட்டுமானப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 167), குடிநீரையும் ஆண் பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை, கழுவுமிட வசதியையும் சேர்த்தே பேசுகிறது.

வெளியூர்த் தொழிலாளர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் உரசல் வந்தால், நூற்றுக்கு நூறு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் காரணம் நாம்தான். ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுத்துவிட்டு, அப்புறம் ஒற்றுமைக் கூட்டம் போட்டால் யார் கேட்பார்கள்?

படி 6: உள்ளூரில் வாங்குங்கள், நாள் கடத்தாமல் பணம் கொடுங்கள்

சிமெண்ட்டும் கம்பியும் பெரிய ஆர்டர், அது போகிற இடத்துக்குப் போகும். ஆனால் வெல்டிங், கிரில், தண்ணீர் லாரி, வண்டி வாடகை, தொழிலாளர் சாப்பாடு, சீருடை தைப்பது, சில்லறை ஹார்டுவேர் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். பெரிய பேக்கேஜாகக் கட்டாமல் சின்னதாகப் பிரித்துக் கேட்டால்தான் அவர்களால் விலை கொடுக்க முடியும்.

வாங்குவதைவிட முக்கியம், பணம் கொடுக்கும் நாள். தொண்ணூறு நாள் கடனில் ஒரு பெரிய சப்ளையர் தாங்குவார். ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் அதற்குள் வட்டிக்கு வாங்கி மூழ்கிவிடுவார். உள்ளூர்ச் சிறு பில்களுக்கு மட்டும் பதினைந்து நாளில் பணம் என்று ஒரு விதியை அக்கவுண்ட்ஸில் போட்டுவிடுங்கள். உங்கள் தடுப்பால் வியாபாரம் படுத்த கடைகளை மறக்காதீர்கள். தடுப்பின் வெளிப்பக்கத்தில் அவர்கள் பெயரையும் 'கடை திறந்திருக்கிறது, இந்த வழியாக வரவும்' என்ற அம்புக்குறியையும் எழுதுவதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

படி 7: யார்டில் இருப்பதைக் கொடுங்கள்

ஊரில் மற்றவர்களிடம் இல்லாதது கட்டுமான நிறுவனத்திடம் இருக்கிறது: மண் தோண்டும் மெஷின், அதை ஓட்டத் தெரிந்த ஆள், லெவல் பார்க்கும் கருவி, கட்டடத்தைப் பார்த்தவுடன் நோய் சொல்லும் இன்ஜினியர். வேலை இல்லாத ஓர் அரை நாளில் ஒரு ஜேசிபி அடைந்துபோன வாய்க்காலைத் திறந்துவிடும். பள்ளிக்கூட வாசல் படியில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் போட ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் போதும். சரிவு 1:12-ஐவிடச் செங்குத்தாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். பள்ளியின் கூரை, தண்ணீர்த் தொட்டி, மதில் சுவர் மூன்றையும் உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு தடவை பார்த்து எழுத்தில் கொடுத்தால், அது பத்துக் கணினி வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய கொடை. சாய்ந்து நிற்கும் ஒரு மதில் சுவர் அதன் ஓரத்தில் விளையாடும் பிள்ளைகளை என்ன செய்யும் என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மிச்சப் பொருள்களைக் கொடுக்கும்போது கவனம். மூன்று மாதம் தாண்டிய சிமெண்ட்டை 'தானம்' என்று தள்ளிவிடாதீர்கள். ஈரக்காற்றில் வலு இழந்திருக்கும். உங்கள் தூணுக்கு உதவாததை ஏழைப் பள்ளியின் தூணுக்கு எப்படிக் கொடுப்பது? இடித்த கட்டடத்தின் கதவு ஜன்னலைக் கொடுக்கும் முன் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதியுங்கள். கல்நார் ஷீட் எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். எண்ணெய் ஊறிய சென்ட்ரிங் பிளைவுட் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுக்கு ஆகாது.

வெள்ளமோ புயலோ வந்தால் உங்கள் பம்ப்பும் கிரேனும் ஜெனரேட்டரும் தங்கம். எது எங்கே இருக்கிறது, யார் ஓட்டுவார் என்ற பட்டியலை நல்ல நாளிலேயே உள்ளாட்சியிடமும் தீயணைப்புத் துறையிடமும் கொடுத்து வையுங்கள். ஆனால் இடிந்த கட்டடத்துக்குள் ஆர்வத்தில் மெஷினை இறக்கிவிடக் கூடாது. இடிபாட்டை ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் உயிரோடு இருப்பவர் மேல் இறங்கும். மீட்புப் படை சொல்லும் வரை பக்கெட்டைத் தூக்காதீர்கள்.

படி 8: பணம், கடைசியாக

மேலே சொன்னதெல்லாம் நடந்த பிறகு பணம் கொடுங்கள், தாராளமாக. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அனுமதி தரும் அதிகாரியோ அவருக்கு வேண்டியவரோ நடத்தும் அமைப்புக்குக் கொடுத்தால் அதன் பெயர் நன்கொடை அல்ல. ஒரு தெருவுக்கோ ஒரு கூட்டத்துக்கோ மட்டும் கொடுத்தால், போகும்போது ஒரு பகையை விட்டுவிட்டுப் போகிறீர்கள். கொடுத்த தொகையையும் வாங்கியவரையும் கேட்டில் இருக்கும் அதே பலகையில் எழுதி வைத்தால் பாதிச் சிக்கல் வராது. கட்டிக் கொடுத்த கழிப்பறைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார், யார் பல்பு மாற்றுவார் என்பதை முடிவு செய்யாமல் திறப்பு விழா வைக்காதீர்கள்.

எல்லாம் சரியாகப் போகிறதா என்று அறிய, நடத்திய நிகழ்ச்சிகளை எண்ண வேண்டாம். புகார் நோட்டைப் புரட்டுங்கள். எத்தனை புகார் அன்றைக்கே தீர்ந்தது, ஒரே வீட்டில் இருந்து ஒரே புகார் எத்தனை தடவை, உள்ளூர் ஆள் எத்தனை பேர் ஆறு மாதம் தாண்டியும் வேலையில் இருக்கிறார், சிறு பில் சராசரியாக எத்தனை நாளில் தீர்ந்தது. மாதா மாதம் இந்த நான்கு எண்ணையும் முதலாளி மேஜையில் வையுங்கள்.

படி 9: கிளம்பும் வாரம்

கட்டடத்தை ஒப்படைக்கும் அவசரத்தில் ஊரை மறந்துவிடுவோம். லாரி ஓடிக் குழி விழுந்த ரோடு, கான்கிரீட் கசிந்து இறுகிய சாக்கடை, வளைந்த விளக்குக் கம்பம், வேரில் மண் மேடாகிப்போன மரம். இதற்கென்று பட்ஜெட்டில் முதலிலேயே ஒரு தொகையை ஒதுக்கி, கடைசி மாதம் வரை யாரும் கை வைக்காமல் பூட்டி வையுங்கள். கடைசியில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்றால் கண்டிப்பாகப் பணம் இருக்காது.

அப்புறம், முதல் நாள் எழுதிய விரிசல் நோட்டை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போங்கள். பென்சில் கோடுகளைப் பாருங்கள், கண்ணாடித் துண்டுகளைப் பாருங்கள், வீட்டுக்காரர் முன்னாலேயே அவற்றைச் சுரண்டி எடுத்துச் சுவரைச் சரி செய்து கொடுங்கள். கிணற்று மட்டத்தை ஒரு தடவை கடைசியாக அளந்து எழுதுங்கள். கேட் பலகையைக் கழற்றும்போது, அதில் இருந்த தொலைபேசி எண்ணை மட்டும் துண்டிக்க வேண்டாம். ஒரு மழைக்காலம் முடியும் வரையாவது அது அடித்தால் யாராவது எடுக்கட்டும்.